இரண்டாவது பிரேக்

பிரேக்கம்மாவின் கடைசிப் பயணத்துக்கு வண்டி ஓட்டியவர், ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை கோட்டைவிட்டு, நான்காம் முறை பிரேக்கம்மா புண்ணியத்தில் கரையேறியவர். அந்த நன்றிக்கடனை அன்று ஒரே நாளில் தீர்த்துவிடப் பார்த்தார். அமரர் ஊர்தியை நடைவேகத்தில் ஓட்டினார். ஈ காக்கை இல்லாத திருப்பத்திலும் விளக்குப் போட்டுக் காட்டினார். மஞ்சள் விளக்கைக் கண்டதும் நின்றார். பின்னால் வந்தவர்களும் சளைத்தவர்கள் இல்லை. முன்னால் போகும் வண்டிக்கும் தன் வண்டிக்கும் நடுவே இரண்டு வண்டி நீளம் விடவேண்டும் என்று பிரேக்கம்மா சொல்லிக்கொடுத்த பாடம் அத்தனை பேருக்கும் அன்று பார்த்து நினைவுக்கு வந்தது. ஊர்வலத்தின் தலை மயானத்தை எட்டியபோது வால் இன்னும் வீட்டு வாசலை விட்டுக் கிளம்பவில்லை. ஊர் மூன்று மணி நேரம் அசையாமல் நின்றது. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை, ஏனென்றால் ஹாரன் அடிப்பது பிரேக்கம்மாவுக்குப் பிடிக்காது.

பிரேக்கம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, ஊர் வைத்தது. வீட்டின் முன்னறையில் ஒரு மேசை, ஒரு கரும்பலகை, வாசலில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சின்ன வண்டி, அதன் முன்னும் பின்னும் எல் போர்டு. இவ்வளவுதான் அவருடைய பள்ளிக்கூடம். அதில் நாற்பத்தைந்து வருடம் ஊருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். பயிற்சி வண்டி என்பதால் சொல்லித்தருபவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால் பிரேக்கம்மா அதை ஓங்கி ஒரு மிதி மிதிப்பார். 'டங்' என்று சத்தம் கேட்கும், வண்டி நிற்கும். அந்த 'டங்'கினால் உயிர் பிழைத்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் ஊரில் தடுக்கி விழுந்த இடமெல்லாம் இருந்தார்கள். பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அவருடைய வழிமுறைகள் வேறு யாருக்கும் சரிப்பட்டு வராது. பழகுகிறவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரிப்பார். தோல் அறுந்துபோகாமல் ஒரே சுருளாக வந்துவிட்டால் அந்த ஆள் தேர்வுக்குத் தயார். அறுந்தால் இன்னும் ஒரு வாரம். இன்னொன்று, வண்டிக்குள் ஏறிவிட்டால் அவர் யாரையும் 'நீ' என்று சொல்லமாட்டார். பதினெட்டு வயதுப் பையனுக்கும் 'நீங்க'தான், பெற்ற மகளுக்கும் 'நீங்க'தான். ஸ்டியரிங் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வண்டிக்குப் பெரியவர் என்பது அவர் கட்சி. வண்டியை விட்டு இறங்கியதும் மரியாதையும் இறங்கிவிடும்.

அந்தப் பெற்ற மகள் ஊரின் பல் டாக்டர். ஐம்பதைத் தொட ஒரு வருடம் பாக்கி. எட்டடி உயரத்து ஆசாமியையும் நாற்காலியில் சாய்த்து, வாய்க்குள் துளைக்கருவியை விட்டுக் கை நடுங்காமல் வேலை பார்க்கிறவள். கணவர் என்று ஒருவர் உண்டு. அவர் இந்தக் கதையில் அதிகம் வரமாட்டார், வீட்டிலும் அப்படித்தான். கல்லூரியில் படிக்கும் ஒரு மகள் உண்டு. ஒரு ரகசியமும் உண்டு. டாக்டருக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் ஊருக்கு இது தெரியாது. அவளுடைய பல் மருத்துவமனை வீட்டுக்கு எதிர்ச் சாரியில் இருந்தது, நடந்தே போய்விடலாம். தூரப் பயணமென்றால் கணவர் ஓட்டுவார். பிரேக்கம்மாவின் மகளுக்கு ஓட்டத் தெரியுமா என்று கேட்க யாருக்காவது தோன்றுமா? மீன்குஞ்சுக்கு நீந்தத் தெரியுமா என்று யாரும் விசாரிப்பதில்லை.

வினை தீயண்ணன் உருவத்தில் வந்தது. தீயணைப்பு வண்டியை முப்பது வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர், பிரேக்கம்மாவின் முதல் மாணவர்களில் ஒருவர், ஊருக்கே அண்ணன். மயானத்திலிருந்து திரும்பியதும் அவர் முன்னறையில் முப்பது பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு அறிவித்தார். ஒரு மாதம் கழித்து ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கூட்டம். கூட்டத்துக்கு முன் எல்லா மாணவர்களும் அவரவர் வண்டியில், பிரேக்கம்மா பாடம் நடத்திய அதே வழியில் ஒரு சுற்றுப் போய் வரவேண்டும். விளையாட்டு மைதானம், மருத்துவமனை முனை, நீர்த்தொட்டி மேடு, இறக்கம், மறுபடி மைதானம்.

"முன்னால அவங்க வண்டிதான் போகணும், டாக்டரம்மா. அதை நீங்கதான் ஓட்டணும். வேற யார் கை பட்டாலும் அது அவங்களுக்கு ஆகாது" என்றார்.

எனக்கு ஓட்டத் தெரியாதண்ணே என்று சொல்லத்தான் டாக்டர் வாயைத் திறந்தாள். முப்பது முகங்களும் அவளையே பார்த்தன. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவும். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் பெற்ற பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லையாம் என்பார்கள். மயானத்துச் சூடு ஆறுமுன் அம்மாவின் பெயருக்கு இப்படி ஒரு கீறல் விழவேண்டுமா? வாய் திறந்தபடியே இருந்தது. அதிலிருந்து "சரிங்கண்ணே" என்ற சொல்தான் வந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தன்னை மட்டும் பாதியில் கைவிட்டுவிட்டார் என்று இருபத்தாறு வருடமாக அவள் மனத்தில் ஒரு முள் இருந்தது.

அவள் பல் மருத்துவம் முடிக்கும் வருடம் அது. விடுமுறைக்கு வந்தவளை அம்மா தினமும் காலையில் வண்டியில் ஏற்றினார். அன்றைக்கு நீர்த்தொட்டி மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா பழம் உரித்துக்கொண்டிருந்தார். வளைவில், சந்துக்குள்ளிருந்து இரண்டு பேர் ஓர் அலமாரியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்தார்கள். அலமாரிக் கதவில் ஆளுயரக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள் ஒரு கத்தரிப்பூ வண்டி அவளை நோக்கி வந்தது. அதை ஓட்டியவள் வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். 'டங்.' வண்டி நின்றது. பழம் அம்மாவின் இரண்டு கைகளிலிருந்தும் பறந்து முன்கண்ணாடியில் அப்பியது. கண்ணாடிக்குள் இருந்தவளுக்கும் இவளுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் அதிகம்.

"நான் பிரேக் போடலைங்க. நீங்கதான் போட்டீங்க" என்றார் அம்மா.

அந்த 'ங்க' அவளுக்குக் கேலியாகப் பட்டது. காதுக்குள் 'டங்' இன்னும் கேட்டுக்கொண்டிருக்க, போடவில்லையாம். அவள் கதவைத் திறந்து இறங்கி வீடுவரை நடந்தே போனாள். அலமாரிக்காரர்கள் இருவரும் அலமாரியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீட்டில் அம்மா மறுபடியும் சொன்னார். "நான் போடலடி. சொன்னா நம்பு." அவள் நம்பவில்லை. சமாதானம் சொல்லாதேம்மா என்று எழுந்துபோனாள். அதன்பிறகு அந்தப் பேச்சு எப்போது வந்தாலும் எழுந்துபோனாள். அம்மாவும் கட்டாயப்படுத்தவில்லை. யார் ஓட்டுகிறார்களோ அவர்கள்தான் முடிவு செய்யவேண்டும் என்ற தன் கொள்கையை மகள் விஷயத்தில் மட்டுமாவது அம்மா கொஞ்சம் மீறியிருக்கக் கூடாதா என்று மகள் பின்னாளில் பலமுறை நினைத்திருக்கிறாள்.

சரி, அழுது என்ன பயன்? ஒரு மாதம் இருந்தது. முதலில் பழகுநர் உரிமம் வாங்கவேண்டும். உரிம அலுவலகத்தில் பதினெட்டு வயதுக்காரர்கள் வரிசையில் நடுவே நின்று, கண் பரிசோதனை முடித்து, சாலைக்குறிகளில் பத்துக்கு ஒன்பது வாங்கினாள். கோட்டைவிட்டது செங்குத்து இறக்கம் என்ற குறியை. விண்ணப்பத்தைப் பார்த்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். அவரும் பிரேக்கம்மாவின் மாணவர். புதுப்பிக்க வந்தீர்களா என்று கேட்டார். இல்லை, புதிதாக வாங்க என்றாள். அவர் முகத்தில் செய்தி உருவாவதை அவள் கண்ணெதிரே பார்த்தாள். அடுத்த புதன்கிழமை அவருக்குத் தன்னிடம் ரூட் கெனால் இருப்பதை மிக அன்பாக நினைவூட்டினாள். அதிகாரி முத்திரையைக் குத்தினார். அன்றுமுதல் அவர் வாயே திறக்கவில்லை, புதன்கிழமை தவிர.

அடுத்தது பயிற்சி. கத்தரிப்பூ வண்டி எட்டு மாதமாக ஓடாமல் கிடந்ததால் மெக்கானிக்கிடம் போயிருந்தது. கணவரின் வண்டியை மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். மகளிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். மகள் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு வெகுநேரம் ஒரு மரத்தைப் பார்த்தாள்.

அந்த வண்டியில் டாக்டரால் பத்தடி ஓட்ட முடிந்தது. பத்தடி போனதும் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். மறுபடி கிளப்புவாள், மறுபடி பத்தடி. ஒரு மணி நேரத்தில் மைதானத்தின் கால்வாசியைக் கடந்தார்கள். பக்கத்தில் ஒரு முதியவர் கைத்தடியோடு நடைப்பயிற்சி செய்துகொண்டிருந்தார். அவர் அதற்குள் மைதானத்தை நான்கு முறை சுற்றிவிட்டார்.

"பாட்டி எப்படித்தான் பொறுமையா இருந்தாங்களோ" என்றாள் மகள். அவளுக்குப் பழக்கியது பாட்டிதான். ஒன்பதே நாளில் ஆரஞ்சுத் தோல் முழுசாக வந்தது. வண்டிக்குள் பாட்டி அவளைக்கூட நீங்க, வாங்க என்றுதான் பேசுவாராம். இறங்கியதும் முதல் வேலையாகத் தலையில் ஒரு குட்டு வைப்பாராம், மரியாதையைத் திருப்பி வாங்கிக்கொள்கிற மாதிரி. சொல்லிவிட்டு மகள் தன் தலையைத் தடவிக்கொண்டாள்.

டாக்டர் ஒரு முடிவுக்கு வந்தாள். பக்கத்தில் இரண்டாவது பிரேக் இல்லாத வண்டியில் தன்னால் ஆகாது. அம்மாவின் வண்டி வேண்டும். அதில் பக்கத்து ஆசனத்தில் யாராவது காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒருவேளை முடியும்.

மறுநாள் மதியம் மருத்துவமனையைப் பூட்டிவிட்டுப் பட்டறைக்குப் போனாள். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. மெக்கானிக்கும் அவருடைய கால்களும் ஊரில் ஒரே அளவு பிரபலம். பலர் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. டாக்டர் அந்தக் கால்களிடம் பேசினாள். வண்டி எப்போது கிடைக்கும் என்று கேட்டாள். நாளைக்கு என்றன கால்கள். மற்றது எப்படியோ போகட்டும், அம்மா பக்கத்துப் பிரேக்கை மட்டும் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்து வைக்கும்படி சொன்னாள்.

கால்கள் அசையாமல் இருந்தன. பிறகு மெதுவாக முழங்கால் வந்தது, வயிறு வந்தது, கடைசியில் முகமும் வந்தது. மெக்கானிக் எழுந்து, பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"டாக்டரம்மா, உங்ககிட்ட மறைக்கக்கூடாது. அந்தப் பிரேக் எதோடயும் சேரலை."

புரியவில்லை என்றாள். அவர் அவளைக் குனியச் சொல்லி, விளக்கைப் பிடித்துக் காட்டினார். அம்மாவின் பக்கத்தில் பிரேக்கின் மிதிகட்டை இருந்தது, அதைத் திருப்பித் தள்ளும் சுருள் இருந்தது. அதற்குப் பின்னால், உண்மையான பிரேக்கோடு அதை இணைக்கும் கம்பி இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் காற்று.

கதையை அவர் சொன்னார். ஒருநாள் வண்டியை வழக்கம்போலப் பார்க்கும்போது அந்தக் கம்பி எங்கோ கழன்று விழுந்திருந்தது தெரிந்ததாம். துருவைப் பார்த்தால் விழுந்து இரண்டு மாதமாவது இருக்கும். பதறிப்போய்ப் பிரேக்கம்மாவிடம் காட்டினார். இரண்டு மாதமாகத் தினமும் மிதித்தேனே, தினமும் வண்டி நின்றதே என்றார் அவர். பிறகு இதே பட்டறையில் ஒரு டின்மேல் உட்கார்ந்து கால்மணி நேரம் சிரித்தார். இவர் மிதித்ததால் வண்டி நிற்கவில்லை. சத்தம் கேட்டவுடன் ஓட்டுகிறவர்களின் கால் தானாகத் தங்கள் பிரேக்குக்குப் போயிருக்கிறது. அவ்வளவு நாளும் நிறுத்தியது அவர்களேதான்.

"கம்பியைப் புதுசா மாட்டுறேன்னேன். வேணாம், இப்படியே இருக்கட்டும்னாங்க. அவசரத்துக்குக் கைப்பிரேக் இருக்கு, அது எனக்குக் கை எட்டுற தூரம்தான்னாங்க. சத்தம் மட்டும் நல்லா வர்ற மாதிரி கீழ ஒரு தகடு வெக்கச் சொன்னாங்க. வெச்சேன்."

எந்த வருடம் என்று டாக்டர் கேட்டாள். தன் இரட்டைக் குழந்தைகள் பிறந்த வருடம் என்றார். அவர்களுக்கு இப்போது என்ன வயது? இருபத்தொன்பது. நிச்சயமாக இருபத்தொன்பதா, இருபத்தைந்து இல்லையே என்றாள். பெற்ற பிள்ளைகளின் வயது தெரியாதா என்று மெக்கானிக்குக் கோபம் வந்தது. ஆனால் டாக்டர் பார்த்த பார்வையில் கொஞ்சம் சந்தேகமும் வந்தது. மனைவியிடம் தொலைபேசியில் கேட்டார். மனைவி முதலில் இதுகூடத் தெரியாத மனிதனைக் கட்டிக்கொண்ட தன் விதியை நொந்துகொண்டார், பிறகு இருபத்தொன்பது என்றார்.

அலமாரி குறுக்கே வந்தது இருபத்தாறு வருடத்துக்கு முன்பு. அதற்கு மூன்று வருடம் முன்பே அந்தப் பிரேக் செத்துவிட்டது. கைப்பிரேக்கும் இல்லை, அம்மாவின் இரண்டு கையிலும் பழம் இருந்தது. அப்படியானால் நிறுத்தியது யார்?

டாக்டர் அதே டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அம்மா பொய் சொல்லவில்லை. கேலியும் செய்யவில்லை. நீங்கதான் போட்டீங்க என்று சொன்னது அப்பட்டமான உண்மை.

"உங்ககிட்ட சொல்லணும்னு ரொம்ப ஆசைப்பட்டாங்க" என்றார் மெக்கானிக். "பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடுறான்னு சொல்லுவாங்க. சொல்லும்போதெல்லாம் கண்ணு கலங்கும்."

டாக்டர் அழுதாள். வாய்விட்டு, ஆளுக்கு முன்னால், வெட்கமில்லாமல் அழுதாள். எழுந்து போகாமல் ஒரே ஒருநாள் உட்கார்ந்து கேட்டிருந்தால் போதுமே என்று நினைத்து நினைத்து அழுதாள். அழுகைக்கு நடுவே இதே டின்மேல் அம்மா கால்மணி நேரம் சிரித்தது நினைவுக்கு வர, சிரிப்பும் கூடவே வந்தது. என்ன செய்வதென்று தெரியாத மெக்கானிக் கைக்கு அகப்பட்ட துணியை நீட்டினார். அதை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் வீடு திரும்பியபோது இரண்டு கன்னத்திலும் கிரீஸ் இருந்தது. வழியில் பார்த்தவர்கள், தாயை இழந்தவள் பாவம் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கிளம்புமுன் மெக்கானிக் ஒன்று கேட்டுக்கொண்டார். இது வெளியே போகவேண்டாம். போனால் நாளைக்கே ஊரில் பாதிப்பேர் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். பக்கத்தில் யாரும் இல்லாமல்தான் இத்தனை காலம் ஓட்டினோம் என்று தெரிந்தால் பயத்தில் கை உதறாதா?

மறுநாள் கத்தரிப்பூ வண்டியில் டாக்டர் மைதானத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். அடுத்த நாள் மூன்று சுற்று. நான்காம் நாள் மருத்துவமனை முனைவரை போனாள். பயம் போய்விடவில்லை, கூடவே உட்கார்ந்து வந்தது. ஆனால் பத்தடிக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லி அவளைத் தொந்தரவு செய்யவில்லை. பக்கத்தில் மகள், பாட்டியின் பிரேக்மேல் காலை வைத்துக்கொண்டு, ஒரு தெருவுக்கு நாலு 'டங்' வீதம் மிதித்துத் தள்ளினாள். பார்த்தாயா, பிரேக் இருந்ததும் எப்படி ஓட்டுகிறாய் என்று பெருமைப்பட்டாள். டாக்டர் ஆமாம் ஆமாம் என்றாள். நீர்த்தொட்டி மேட்டுக்கு மட்டும் இன்னும் போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் ஞாயிறு வந்துவிட்டது.

அறுபத்திரண்டு வண்டிகள் வந்திருந்தன. பேருந்து, ஆம்புலன்ஸ், ரொட்டிக்கடை வண்டி, சிமெண்டுக் கலவை வண்டி, எல்லாவற்றுக்கும் பின்னால் அடக்கமாக அந்த அமரர் ஊர்தி. டாக்டர் கத்தரிப்பூ வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். எல் போர்டைப் பார்த்து ஒருவரும் ஒன்றும் நினைக்கவில்லை. அது பிறந்ததிலிருந்து அந்த வண்டியில் இருக்கிறது. சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. தீயண்ணன் பக்கத்து ஆசனத்தில் ஒரு பூமாலையை வைத்து, இது அவங்க இடம், காலியாகத்தான் போகவேண்டும் என்றார். பழகுநர் உரிமக்காரி பக்கத்தில் உரிமம் உள்ள ஆள் இல்லாமல் ஓட்டினால் சட்டப்படி குற்றம். அதைச் சொல்லவும் முடியாது. ஓடுகிற வண்டியில் பக்கத்து ஆசனம் காலியாக இருந்தால் அம்மாவுக்குப் பிடிக்காது என்று டாக்டர் அள்ளிவிட்டாள். தீயண்ணனின் கண் கலங்கிவிட்டது. அப்படியானால் நான் உட்காரட்டுமா என்று கேட்டுக்கொண்டே, பதிலுக்குக் காத்திராமல் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கால் நேராகப் பிரேக்குக்குப் போனது. மகள் பின் ஆசனத்தில் ஏறிக்கொண்டாள்.

ஊர்வலம் கிளம்பியது. மைதானம் தாண்டியது, மருத்துவமனை முனை தாண்டியது. நீர்த்தொட்டி மேட்டின் ஏற்றத்தில் வண்டி முனகிக்கொண்டே ஏறியது. உச்சியில் டாக்டர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். இதோ இறக்கம். பின்னால் அறுபத்திரண்டு வண்டிகள், திரும்பவும் முடியாது, இறங்கி நடக்கவும் முடியாது. இறங்கத் தொடங்கினாள். வளைவு வந்தது. சந்துக்குள்ளிருந்து ஒரு நாய் ஓடிவந்து நடுச்சாலையில் நின்று, வண்டியைப் பார்த்து, என்ன செய்யலாம் என்று யோசித்தது.

முதலில் வண்டி நின்றது. அதற்குப் பிறகுதான் 'டங்' என்று சத்தம் கேட்டது.

டாக்டருக்கு இரண்டும் தனித்தனியாகக் கேட்டன. நின்றது ஒன்று, சத்தம் ஒன்று. நடுவே ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தது. அவள் தன் வலது காலைக் குனிந்து பார்த்தாள். அது பிரேக்கின்மேல் இருந்தது. எப்போது போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

"பயப்படாதீங்க டாக்டரம்மா, நான் பிரேக்ல கால வெச்சுக்கிட்டேதான் இருக்கேன்" என்றார் மாலையணிந்த தீயண்ணன்.

ரொம்ப நன்றிண்ணே என்றாள் டாக்டர். நாய் யோசித்து முடித்து ஓரமாகப் போனது. பின்னால் ஒரு ஹாரன் சத்தம்கூட எழவில்லை.

மைதானத்தில் ஒலிபெருக்கி வைத்துக் கூட்டம் நடந்தது. பதினொரு பேர் பேசினார்கள். பதினொரு பேரும் பேசியது ஒன்றையேதான். அன்று மட்டும் அவர் பிரேக்கை மிதித்திருக்காவிட்டால் நான் இன்று இல்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அழுதார், ரொட்டிக்கடைக்காரர் அழுதார். பன்னிரண்டாவதாகத் தீயண்ணன், சற்றுமுன் நீர்த்தொட்டி இறக்கத்தில் அதே பிரேக்கைத் தான் மிதித்ததையும், நாய் பிழைத்ததையும், அந்தப் பிரேக் இன்னும் கல்லுமாதிரி இருப்பதையும் விவரித்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கடைசி வரிசையில் மெக்கானிக்குக் கடுமையான இருமல் வந்தது.

டாக்டரைப் பேச அழைத்தார்கள். உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் எழுந்தாள். உங்களை யாரும் காப்பாற்றவில்லை, நீங்களே உங்களைக் காப்பாற்றிக்கொண்டீர்கள் என்பதைவிட அம்மாவுக்கு வேறென்ன பெருமை வேண்டும்? ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்தாள். பாதி ஊர். நாளைக் காலையில் இவர்கள்தான் பேருந்தை எடுக்கவேண்டும், பிள்ளைகளைப் பள்ளியில் விடவேண்டும். மெக்கானிக் சொன்னதில் நியாயம் இருந்தது. வேறொரு உண்மையைச் சொன்னாள்.

"எனக்கு லைசென்ஸ் இல்லை. இன்னைக்கு நான் ஓட்டினது பழகுநர் உரிமத்துல. வர்ற வியாழக்கிழமைதான் டெஸ்ட்."

முதல் வரிசையில் உரிம அதிகாரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மா எனக்கு மட்டும் பாதியில விட்டுட்டாங்கன்னு நான் இருபத்தாறு வருஷமா நெனைச்சிட்டிருந்தேன். விடலை. அவங்க எனக்கு முழுசா சொல்லிக்கொடுத்து முடிச்சிட்டாங்க. அதை அவங்க சொன்னப்ப நான் நம்பலை. அவங்க இருக்கும்போதே நம்பியிருக்கலாம்."

அதோடு மேடையை விட்டு இறங்கிவிட்டாள். தீயண்ணன் எழுந்து நின்றார். அப்படியானால் சற்றுமுன் அந்த இறக்கத்தில் பழகுநர் உரிமத்தின் பக்கத்திலா உட்கார்ந்திருந்தேன் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. அவர் தன் காலைக் குனிந்து புதிய மரியாதையோடு பார்த்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்களும் பார்த்தார்கள். சிலர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

கூட்டம் கலைந்ததும் வண்டி வீடு போகவேண்டும். உரிமக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்காரவேண்டும் என்று தெரிந்ததுதான் தாமதம், பிரேக்கம்மாவின் ஆசனத்துக்குப் போட்டி எழுந்தது. நாற்பது வருட அனுபவம் என்றார் பேருந்து ஓட்டுநர். அவசரத்துக்கு என்னைவிட யார் உண்டு என்றார் ஆம்புலன்ஸ்காரர். அமரர் ஊர்திக்காரர் ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் தூக்கினார். அவரை மட்டும் எல்லோரும் ஒருமனதாகக் கையைக் கீழே இறக்கவைத்தார்கள். டாக்டர் அத்தனை பேருக்கும் கும்பிடு போட்டுவிட்டுத் தன் மகளை ஏறச் சொன்னாள்.

மகள் ஏறினாள், கதவைச் சாத்தினாள், வழக்கம்போல வலது காலை நீட்டிப் பாட்டியின் பிரேக்மேல் வைத்துக்கொண்டாள். டாக்டர் பின்னால் வருகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்தாள். வண்டியைக் கிளப்பினாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"காலை எடுங்க" என்றாள்.

மகளுக்கு அந்த 'ங்க' புதிதாக இருந்தது. "ஏம்மா?"

"பிரேக் எங்கிட்ட இருக்கு."